ராஸ்முசன் மூளையழற்சிக்கு வைரஸ்தான் காரணமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராஸ்முசன் மூளையழற்சி என்றால் என்ன?

மூளையின் ஒரு பாதியை மட்டும் பிடித்து, மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் அரித்துக்கொண்டே போகும் அழற்சி நோய் இது. நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த குழந்தைக்கு ஒரு நாள் ஒரு பக்கக் கையிலோ முகத்திலோ வலிப்பு வரும். முதலில் எப்போதாவது வரும், பிறகு தினமும் பல முறை வரும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு விரல்களோ வாயோரமோ மணிக்கணக்கில், நாள்கணக்கில் நிற்காமல் துடிக்கும். ‘எபிலெப்சியா பார்ஷியாலிஸ் கன்டினுவா’ என்று டாக்டர்கள் எழுதுவது இதைத்தான், பேச்சில் இ.பி.சி. என்பார்கள். போகப்போக அந்தப் பக்கக் கைகால் பலம் குறையும், பார்வையின் ஒரு பாதி மங்கும், படிப்பு பின்தங்கும். இடது மூளை பாதிக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் பேச்சும் குறையும்.

பெரும்பாலும் 6 வயதையொட்டித் தொடங்கும். பத்தில் ஒருவருக்கு வளரிளம் பருவத்திலோ பெரியவரான பிறகோ வருவதுண்டு. அவர்களுக்கு நோய் கொஞ்சம் மெதுவாக நகரும்.

எவ்வளவு அரிது?

ஜெர்மனியின் கணக்கு: 18 வயது வரை உள்ள ஒரு கோடிப் பேரில் ஆண்டுக்கு 2.4 புதிய நோயாளிகள். பிரிட்டனில் 16 வயது வரை உள்ளவர்களில் அதுவே 1.7. குழந்தை நரம்பியல் மருத்துவர்களிலேயே பலர் தங்கள் பணிக்காலம் முழுவதும் ஓரிரு பேரைத்தான் பார்த்திருப்பார்கள். நோய் பிடிபடத் தாமதமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வைரஸ் என்ற சந்தேகம் எப்படி வந்தது?

1958இல் மான்ட்ரியல் நரம்பியல் கழகத்தைச் சேர்ந்த தியோடர் ராஸ்முசன், யெர்சி ஒல்ஷெவ்ஸ்கி, டொனால்ட் லாயிட்-ஸ்மித் மூவரும் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அறுவையில் எடுத்த மூளைத் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது ரத்தக் குழாய்களைச் சுற்றி லிம்போசைட் எனும் வெள்ளணுக்கள் குவிந்திருந்தன. மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியா கொத்துக்கொத்தாக முடிச்சிட்டிருந்தன. நரம்பு செல்களைச் சூழ்ந்து தின்றுகொண்டிருந்தன. வைரஸ் மூளைக் காய்ச்சலில் இறந்தவரின் மூளையும் இப்படித்தான் இருக்கும். எனவே நாள்பட்ட வைரஸ் தொற்று என்று நினைத்ததில் வியப்பில்லை.

இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. நிற்காத துடிப்பை 1894இலேயே மாஸ்கோவில் கோஷெவ்னிகோவ் விவரித்திருந்தார். ரஷ்யாவில் அப்படித் துடித்தவர்களில் பலருக்குக் காரணம் உண்ணி கடித்துப் பரவும் மூளைக் காய்ச்சல் என்று பின்னாளில் தெரியவந்தது. அந்த வைரஸ் 1937இல் பிடிபட்டது. அதே துடிப்பை ஒரு வைரஸ் நிச்சயமாக உண்டாக்கும் என்று தெரிந்த பிறகு, ராஸ்முசன் நோய்க்கும் ஒரு வைரஸைத் தேடாமல் யாரால் இருக்க முடியும்?

எந்தெந்த வைரஸ்களைத் தேடினார்கள்? கிடைத்ததா?

கிடைத்தது, கிடைக்கவில்லை இரண்டும் உண்மை. 1989இல் எப்ஸ்டைன்-பார் வைரஸின் தடயம் இருப்பதாக ஒரு குழு எழுதியது. 1990இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரக் குழு சைட்டோமெகலோ வைரஸ், அதாவது சி.எம்.வி.யைக் கண்டதாகச் சொன்னது. பிறகு ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸும் பட்டியலில் சேர்ந்தது. அதே காலத்தில் அதே முறைகளில் தேடிய வேறு குழுக்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. கிடைத்தவர்களுக்கும் எல்லா நோயாளியிடமும் கிடைக்கவில்லை. ஒரு குழுவுக்குக் கிடைத்த வைரஸ் அடுத்த குழுவுக்குக் கிடைக்கவில்லை.

இன்றுவரை எந்த ஒரு வைரஸும் இந்த நோயின் காரணம் என்று நிறுவப்படவில்லை.

ஆனால் மூளைத் திசுவிலேயே வைரஸ் இருந்தால் அதுதானே காரணம்?

குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது, எனவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

சந்தேகப் பட்டியலில் உள்ளவை எல்லாம் ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்கள். ஒருமுறை உடம்புக்குள் வந்தால் சாகும்வரை போகாது, எங்காவது உறங்கிக்கொண்டிருக்கும். உலகில் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எப்ஸ்டைன்-பார் வைரஸைச் சுமக்கிறார்கள். நம் நாட்டில் சி.எம்.வி. அநேகமாக எல்லோருக்கும் சின்ன வயதிலேயே வந்து போயிருக்கும். ஆகவே ஒரு நோயாளியிடம் இவை இருப்பது மட்டும் ஒன்றையும் நிரூபிக்காது.

அடுத்து, அவை எங்கே உறங்குகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். எப்ஸ்டைன்-பார் இருப்பது பி லிம்போசைட்டுகளில். சி.எம்.வி. இருப்பது மோனோசைட் வகை வெள்ளணுக்களில். அழற்சி பிடித்த மூளைக்குள் வெள்ளணுக்கள் திரளும்போது அவற்றோடு வைரஸும் வரும். கல்யாண வீட்டில் கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்து பந்தியில் உட்கார்ந்தவர் பெண் வீட்டாரா மாப்பிள்ளை வீட்டாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதே, அந்த நிலைதான். பி.சி.ஆர். பரிசோதனை வைரஸின் மரபுப்பொருள் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அது நியூரானுக்குள் இருந்து வந்ததா, ஓடிக்கொண்டிருந்த ரத்தத்தில் இருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது.

மூன்றாவது சிக்கல், காலம். அறுவை நடப்பது முதல் வலிப்புக்குப் பல மாதங்களோ வருடங்களோ கழித்து. அதற்குள் ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் ஏறியிருக்கும். எதிர்ப்புச் சக்தியை அடக்கினால் உறங்கும் வைரஸ் விழித்துக்கொள்ளும் என்பது தெரிந்ததே. அப்போது எடுத்த திசுவில் வைரஸ் இருந்தால் அது நோயின் காரணமாகவும் இருக்கலாம், சிகிச்சையின் விளைவாகவும் இருக்கலாம்.

நான்காவது, ஒப்பீடு. வேறு காரணத்தால் வலிப்பு வந்து அறுவை செய்துகொண்டவர்களின் திசுவையும் அதே ஆய்வகத்தில், அதே நாளில், எது யாருடையது என்று தெரியாமல் சோதிக்க வேண்டும். பழைய ஆய்வுகளில் பல இந்த இடத்தில் பலவீனமானவை. போதாக்குறைக்குப் பி.சி.ஆர். மிக நுட்பமானது. பக்கத்து மேசையில் இருந்து வந்த துளி மாசு போதும், இல்லாத வைரஸ் இருப்பதாகக் காட்டிவிடும்.

அப்படியானால் நரம்பு செல்களைக் கொல்வது யார்?

நோயாளியின் சொந்த டி செல்கள், அதாவது எதிர்ப்புச் சக்தியைச் சேர்ந்த ஒருவகை வெள்ளணுக்கள். இங்கே சான்று வலுவானது.

முதலில் சந்தேகம் ஆன்டிபாடி மேல் விழுந்தது. 1994இல், குளூட்டமேட் ஏற்பியின் ஒரு துண்டான குளூஆர்3 புரதத்தை முயல்களுக்குச் செலுத்தியபோது சிலவற்றுக்கு வலிப்பு வந்தது. சில நோயாளிகளின் ரத்தத்திலும் அதற்கு எதிரான ஆன்டிபாடி கிடைத்தது. பெரிய பரபரப்பு. பிறகு பார்த்தால் அந்த ஆன்டிபாடி ராஸ்முசன் நோயாளிகள் பலரிடம் இல்லை, வேறு வகை வலிப்புக்காரர்கள் சிலரிடம் இருந்தது. இன்று அதை ஒரு பரிசோதனையாக யாரும் நம்புவதில்லை. உங்களிடம் அந்த டெஸ்ட் எடுக்கச் சொன்னால் எதற்கு என்று கேளுங்கள்.

2002இல் கிறிஸ்டியான் பீன் தலைமையிலான குழு திசுவை உற்றுப் பார்த்தது. சிடி8 வகை டி செல்கள் நியூரான்களோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் உள்ளே இருந்த, செல்லைக் கொல்லும் புரதமான கிரான்சைம் பி துகள்கள் ஒட்டிய பக்கமாகவே நகர்ந்து நின்றன. கொல்லும் டி செல் தன் இரையைக் கொல்லும்போது இருக்கும் நிலை அது. பிறகு நடந்த ஆய்வுகளில், ஒரே மூதாதை செல்லில் இருந்து பெருகிய டி செல் கூட்டங்கள் மூளையிலும் ரத்தத்திலும் நெடுங்காலம் நீடிப்பது தெரிந்தது. ஏதோ ஒரு குறிப்பிட்ட இலக்கை அடையாளம் கண்டு பெருகினால்தான் இப்படி ஆகும். 2018இல் மான்ட்ரியலில் நோயாளிகளின் ரத்த வெள்ளணுக்களை, எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகளுக்குள் செலுத்தினார்கள். எலிகளுக்கு வலிப்பும் மூளையழற்சியும் வந்தன.

அந்த இலக்கு என்ன என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. நியூரானின் சொந்தப் புரதமா, அல்லது அதற்குள் ஒளிந்திருக்கும் வைரஸின் துண்டா?

வைரஸ் தூண்டிவிட்டு மறைந்துபோயிருக்கலாம் அல்லவா?

இருக்கலாம். இந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. வைரஸ் போன பிறகும் அது கிளப்பிவிட்ட எதிர்ப்புச் சக்தி மூளையைத் தாக்குவதற்கு வேறு நோய்களில் தெளிவான உதாரணங்கள் இருக்கின்றன.

ஹெர்பிஸ் மூளைக் காய்ச்சலில் இருந்து தேறிவரும் சிலருக்குச் சில வாரங்களில் மறுபடி குழப்பமும் தன்னிச்சை அசைவுகளும் வலிப்பும் வரும். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தண்டுநீரில் வைரஸ் இருக்காது, நரம்பு செல்லின் என்.எம்.டி.ஏ. ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி போன்றவை இருக்கும். ஸ்பெயினில் 51 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் 27 சதவீதம் பேருக்கு இப்படித் தன்னெதிர்ப்பு மூளையழற்சி வந்தது, அதுவும் இரண்டு மாதத்துக்குள். எதிர்ப்புச் சக்தியே நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோயிலும் எப்ஸ்டைன்-பார் தொற்றுக்குப் பிறகு ஆபத்து 32 மடங்கு கூடுகிறது என்று அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிப் பேரின் பதிவுகளில் இருந்து 2022இல் காட்டினார்கள். எலிகளைத் தாக்கும் தைலர் வைரஸை மூளைக்குள் செலுத்திய ஒருவகை எலிகளுக்கு முதல் வாரத்திலேயே வலிப்பு வருகிறது. வைரஸை உடம்பு துடைத்தெறிந்த பிறகும் பல எலிகளுக்கு வலிப்பு நோயாகவே அது தங்கிவிடுகிறது.

ராஸ்முசன் நோயில் இந்த வாதத்துக்குச் சாதகமான ஒரு விஷயம் உண்டு. ரத்தம் இரண்டு பக்க மூளைக்கும்தான் போகிறது. டி செல்லும் இரண்டு பக்கமும்தான் போகும். அப்படியிருக்க ஒரு பாதி மட்டும் ஏன்? ஏதோ ஒரு தூண்டுதல் அந்தப் பக்கத்தில் மட்டும் இருந்தது என்று எண்ணத் தோன்றுகிறது. சிறிய தொற்றாகவும் இருக்கலாம், பிறவியிலேயே இருந்த ஒரு கோளாறாகவும் இருக்கலாம். சில நோயாளிகளின் திசுவில் அழற்சியோடு மூளைப்புறணியின், அதாவது மூளையின் வெளி அடுக்கின், வளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்து காணப்பட்டிருக்கிறது. எங்கள் கருத்தில் வைரஸ் தூண்டுதல் நியாயமான ஊகம், அவ்வளவுதான். ஊகத்தை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது நியாயமில்லை.

காய்ச்சல் வந்து இரண்டு வாரத்தில் ஃபிட்ஸ் தொடங்கியது. அப்போது வைரஸ்தானே?

பள்ளி செல்லும் வயதில் வருடத்துக்கு ஆறேழு முறை சளி, காய்ச்சல் வருவது சாதாரணம். எந்த நாளில் வலிப்பு தொடங்கினாலும் அதற்கு முந்தைய சில வாரங்களில் ஒரு காய்ச்சல் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை டாக்டரிடம் சொல்லுங்கள், தேதியோடு சொல்லுங்கள். ஆனால் அதுவே காரணம் என்று முடிவு கட்டாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு: காய்ச்சல் தொடங்கிய 24 மணி நேரத்துக்குப் பிறகு, இரண்டு வாரத்துக்குள், முன்பு வலிப்பே இல்லாத பிள்ளைக்கு எந்த மருந்துக்கும் அடங்காத தொடர் வலிப்பு வந்தால் அது ‘ஃபையர்ஸ்’ எனப்படும் தனி நிலை. அது நாள்கணக்கில் முற்றும், ஐ.சி.யூ. தேவைப்படும். ராஸ்முசன் அப்படி வெடித்துக்கொண்டு வருவது அரிது.

எந்த நோய்களோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு அதிகம்?

ஹெர்பிஸ் மூளைக் காய்ச்சல் முதலில் விலக்கப்பட வேண்டியது, ஏனென்றால் அதற்கு மருந்து உண்டு, தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல், தலைவலி, நடத்தையில் திடீர் மாற்றம், நினைவு தப்புதல் எல்லாம் சில நாட்களில் வந்துவிடும்.

எஸ்.எஸ்.பி.ஈ. என்பது தட்டம்மை வைரஸ் மூளையில் தங்கிப் பல வருடம் கழித்துத் தாக்கும் நோய். நிஜமாகவே வைரஸால் வரும் மெதுவான மூளை நோய்க்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. இந்தியாவில் இன்னும் பார்க்கப்படுகிறது. படிப்பில் சரிவு, திடீர் திடீரென உடம்பு தூக்கிப்போடுதல், நடக்கும்போது தலை தொய்வது ஆகியவை அறிகுறிகள். இ.இ.ஜி.யில் சில விநாடிக்கு ஒருமுறை ஒரே மாதிரி அலை வரும், தண்டுநீரில் தட்டம்மை ஆன்டிபாடி மிக அதிகமாக இருக்கும். பொதுவாக இரு பக்கமும் பாதிக்கும்.

நம் பகுதிகளில் ஒரு பக்க வலிப்பு என்றவுடன் நாடாப்புழுக் கட்டியைத்தான் முதலில் நினைப்பார்கள். சரிதான், ஆனால் ஸ்கேனில் கட்டியோ சுண்ணாம்புப் புள்ளியோ இல்லாமல் அதே பெயரில் பல மாதம் மருந்து போய்க்கொண்டிருந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

இன்னொன்று, குறைவாகப் பேசப்படுவது: பி.ஓ.எல்.ஜி. என்ற மரபணுக் கோளாறு. இதிலும் நிற்காத துடிப்பு வரும். இந்தக் குழந்தைகளுக்கு வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்தைக் கொடுத்தால் கல்லீரல் செயலிழந்து உயிர் போகலாம். காரணம் தெரியாத இ.பி.சி. உள்ள சிறு குழந்தைக்கு வால்புரோயேட் எழுதும் முன் இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

என்ன பரிசோதனைகள், எந்த வரிசையில்?

எம்.ஆர்.ஐ., நீண்ட நேர வீடியோ இ.இ.ஜி., தண்டுநீர். மூன்றும் வேண்டும். ராஸ்முசனில் தண்டுநீர் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முழுக்க இயல்பாகவே இருக்கும். எனவே ‘தண்டுநீர் நார்மல், எனவே மூளையழற்சி இல்லை’ என்ற முடிவு தவறு. தண்டுநீர் எடுப்பதன் முக்கிய நோக்கம் மற்ற நோய்களை விலக்குவது: செல் எண்ணிக்கை, புரதம், அதே நேரத்தில் எடுத்த ரத்தச் சர்க்கரையோடு ஒப்பிட்ட சர்க்கரை, ஹெர்பிஸ் பி.சி.ஆர்., தட்டம்மை ஆன்டிபாடி, தன்னெதிர்ப்பு ஆன்டிபாடித் தொகுப்பு.

இதில் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஹெர்பிஸ் பி.சி.ஆர். நோயின் முதல் மூன்று நாட்களில் தவறாக நெகட்டிவ் காட்டலாம். அறிகுறி பலமாக இருந்தால் மருந்தை நிறுத்தாமல், 3 முதல் 7 நாளில் மறுபடி எடுக்க வேண்டும். இரண்டாவது இன்னும் எளிதாக நேர்வது: ஐ.வி.ஐ.ஜி. ஏற்றிய பிறகு வைரஸ் ஆன்டிபாடிக்கு ரத்தம் எடுப்பது. ஐ.வி.ஐ.ஜி. என்பது ஆயிரக்கணக்கானோர் தானம் தந்த பிளாஸ்மாவில் இருந்து பிரித்த ஆன்டிபாடி. அது ஏறிய பிறகு தட்டம்மை, சி.எம்.வி., எப்ஸ்டைன்-பார், ஹெபடைடிஸ் பி கோர் ஆன்டிபாடி என்று எதைக் கேட்டாலும் பாசிட்டிவ் வரலாம். அவை உங்கள் குழந்தையுடையவை அல்ல. ஆகவே முதல் பாட்டில் தொங்கவிடும் முன்பே ரத்தம் எடுத்தாயிற்றா என்று வார்டு நர்ஸிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். கூடுதலாக ஒரு குழாய் சீரமும் ஒன்றிரண்டு மில்லி தண்டுநீரும் உறையவைத்து வைக்கச் சொன்னால் பின்னால் வேறு டெஸ்ட் தேவைப்படும்போது மறுபடி ஊசி குத்த வேண்டியிருக்காது.

நோயை எப்படி உறுதி செய்கிறார்கள்?

2005இல் ஐரோப்பிய நிபுணர்கள் வகுத்த வரையறைதான் இன்றும் புழக்கத்தில் உள்ளது. முதல் வழியில் இந்த மூன்றும் இருக்க வேண்டும்: ஒரு பக்க வலிப்போடு அந்தப் பக்கப் புறணியின் செயலிழப்பு, இ.இ.ஜி.யில் ஒரு அரைக்கோளத்தில் மட்டும் அலை மெதுவாகி, வலிப்பும் அங்கிருந்தே தொடங்குதல், எம்.ஆர்.ஐ.யில் ஒரு பக்கப் புறணி சுருங்கி, கூடவே வெண்மையான சிக்னல் மாற்றமோ, மூளையின் ஆழத்தில் உள்ள காடேட் முகப்பின் சுருக்கமோ இருத்தல். இவை பொருந்தாவிட்டால் இரண்டாவது வழி: நிற்காத துடிப்பு அல்லது மோசமாகிக்கொண்டே போகும் ஒரு பக்கச் செயலிழப்பு, அடுத்தடுத்த எம்.ஆர்.ஐ.யில் கூடிக்கொண்டே போகும் ஒரு பக்கச் சுருக்கம், திசுச் சோதனையில் டி செல் அழற்சி. இம்மூன்றில் இரண்டு போதும்.

திசுச் சோதனை பற்றி அந்த வரையறையிலேயே ஒரு நிபந்தனை உண்டு: செல்லுக்குள் வைரஸ் உட்துகள்கள் தெரிந்தால், அல்லது பி செல்லும் பிளாஸ்மா செல்லும் ஏராளமாக இருந்தால், அது ராஸ்முசன் அல்ல. அதாவது கண்ணுக்குத் தெரியும் வைரஸ் இருந்தால் நோயின் பெயரே மாறிவிடும்.

ஆரம்பத்தில் எம்.ஆர்.ஐ. இயல்பாகவே இருக்கலாம். சுருக்கம் பெரும்பாலும் மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் இருக்கும் இன்சுலாப் பகுதியைச் சுற்றித் தொடங்குகிறது. அந்த மடிப்பான சில்வியன் பள்ளம் ஒரு பக்கத்தில் மறுபக்கத்தைவிட அகன்று தெரியும். இரண்டு ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது பிடிபடும். ரிப்போர்ட் தாளை மட்டும் அல்ல, ஸ்கேன் படங்கள் உள்ள சி.டி.யையும் பத்திரமாக வைத்திருங்கள். பயாப்சி எடுத்தாலும் நோய் திட்டுத்திட்டாக இருப்பதால் தப்பான இடத்தில் எடுத்தால் இயல்பான திசுதான் வரும்.

வைரஸ் எதிர்ப்பு மருந்து கொடுத்துப் பார்க்கலாமே?

ஹெர்பிஸ் சந்தேகம் இருக்கும் நாட்களில் அசைக்ளோவிர் கட்டாயம். பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, நோய் உறுதியானால் 14 முதல் 21 நாள். குழந்தைகளுக்கு வயதையொட்டி அளவு மாறும். ஒவ்வொரு டோஸும் ஒரு மணி நேரத்தில் மெதுவாக இறங்க வேண்டும், உடம்பில் நீர்ச்சத்து குறையக் கூடாது. வேகமாக ஏற்றினால் மருந்து சிறுநீரகத்தில் படிகமாகிவிடும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ராஸ்முசன் என்று உறுதியான பிறகு நிலைமை வேறு. சி.எம்.வி. சந்தேகம் எழுந்த 1990களில் கான்சைக்ளோவிர், ஸிடோவுடின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டன. சிலருக்கு முன்னேற்றம் தெரிந்ததாக எழுதினார்கள். ஒப்பீட்டுக் குழு வைத்த ஆய்வு எதுவும் அதை உறுதிசெய்யவில்லை, இன்று வழக்கமான சிகிச்சையில் அவை இல்லை. கான்சைக்ளோவிர் வெள்ளணு எண்ணிக்கையை இறக்கும் மருந்து. ‘கொடுத்துத்தான் பார்ப்போமே’ என்று கொடுக்கக்கூடியது அல்ல.

ஸ்டீராய்டு, ஐ.வி.ஐ.ஜி., டாக்ரோலிமஸ் இவை நோயை நிறுத்துமா?

மெதுவாக்கும். 2013இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் 16 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸோ ஐ.வி.ஐ.ஜி.யோ கொடுத்தார்கள். சிகிச்சையே பெறாத பழைய நோயாளிகளோடு ஒப்பிட்டால் இரு குழுவிலும் கைகால் பலமும் மூளைத் திசுவும் கூடுதல் நாள் தாக்குப்பிடித்தன. ஆனால் மருந்துக்கு அடங்காத வலிப்பு அடங்கவில்லை. வலிப்பை நிறுத்தும் என்று எதிர்பார்த்து இவற்றைத் தொடங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஐ.வி.ஐ.ஜி. வழக்கமாக நாளுக்குக் கிலோவுக்கு 0.4 கிராம், மூன்று முதல் ஐந்து நாள், பிறகு மாதம் ஒருமுறை. 20 கிலோ குழந்தைக்கு ஐந்து நாள் என்றால் 40 கிராம். செலவைக் கணக்கிடும்போது இதை வைத்துக் கணக்கிடுங்கள். ஏற்றியபின் ஓரிரு நாளில் கடும் தலைவலி, வாந்தி, கழுத்து இறுக்கம் வந்தால் பெரும்பாலும் மருந்தால் வந்த மூளையுறை எரிச்சல். ஆனாலும் தெரிவிக்க வேண்டும்.

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் எதைத் தொடங்கும் முன்பும் மறைந்திருக்கும் காசநோயையும் ஹெபடைடிஸ் பி-யையும் சோதிக்க வேண்டும். ரிட்டுக்ஸிமாப் கொடுத்தால் உறங்கும் ஹெபடைடிஸ் பி விழித்துக் கல்லீரலைக் கெடுக்கலாம். அடலிமுமாப் கொடுத்தால் காசநோய் கிளம்பலாம். நம் நாட்டில் இந்தப் பயம் ராஸ்முசன் வைரஸ் பயத்தைவிட நிஜமானது.

அரை மூளையைத் துண்டிப்பது ஒன்றுதான் வழியா?

வலிப்பை நிறுத்த இன்று வரை உறுதியான வழி அதுதான். ஹெமிஸ்பெரோடமி என்பார்கள். பழைய முறையில் பாதி மூளையையே எடுத்தார்கள். சில வருடம் கழித்து வெற்றிடத்தில் ரத்தம் கசிந்து சிக்கல்கள் வந்தன. மூளையை உள்ளேயே விட்டு இணைப்புகளை மட்டும் வெட்டும் யோசனையை முன்னெடுத்தவரும் ராஸ்முசன்தான். இன்று செய்வது அதன் நுட்பமான வடிவம். 70 முதல் 80 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றுவிடுகிறது. வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகம் ஆகியவற்றில் இந்த அறுவை நடக்கிறது.

இதனால் எதை இழக்கிறோம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். எதிர்ப்பக்கக் கையின் நுண்ணிய விரல் வேலை போய்விடும். பார்வையின் ஒரு பாதி போய்விடும். நடை பெரும்பாலும் திரும்பும். பேச்சுப் பக்கம் என்றால் வயது முக்கியம்: சின்னக் குழந்தைகளில் பேச்சு மறுபக்கத்துக்கு இடம்பெயர்கிறது, வயது ஏற ஏற அந்த வாய்ப்பு குறைகிறது. எப்போது செய்வது என்பது இதனால்தான் கடினம். கை ஏற்கெனவே செயலிழந்திருந்தால் காத்திருப்பதில் லாபமில்லை. கை நன்றாக இருந்து, வலிப்பும் ஓரளவு கட்டுக்குள் இருந்தால் மருந்தோடு கொஞ்ச காலம் பார்க்கலாம்.

அறுவைக்குப் பின் முதல் ஒன்றிரண்டு வாரம் காய்ச்சல் வருவது சகஜம். உள்ளே கசிந்த ரத்தத்தால் வரும் எரிச்சல் அது. ‘வைரஸ் திரும்பிவிட்டது’ என்று பெற்றோர் பயப்படுவார்கள். கிருமித் தொற்று இல்லை என்று மட்டும் உறுதிசெய்தால் போதும். வாரங்களோ மாதங்களோ கழித்துத் தலைவலி, வாந்தி, சோர்வு சேர்ந்து வந்தால் தலையில் நீர் கோத்திருக்கலாம். அன்றைக்கே ஸ்கேன் தேவை.

மறுபக்க மூளைக்குப் பரவுமா? வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுமா?

மிக அரிதாகவே இரு பக்கமும் பாதிக்கும். ஹெமிஸ்பெரோடமியில் நோயுற்ற திசு பெரும்பகுதி தலைக்குள்ளேயே இருக்கிறது, இருந்தும் அது மறுபக்கம் தாவுவதில்லை. தொற்றைப் பொறுத்தவரை: தொற்றாது. தம்பி தங்கையோடு ஒரே தட்டில் சாப்பிடலாம், பள்ளிக்குப் போகலாம்.

விரல் துடிப்பு நிற்கவே இல்லை. மூக்கில் மிடாசொலாம் ஸ்பிரே அடிக்கலாமா?

நினைவு தெளிவாக இருந்து கை மட்டும் துடித்துக்கொண்டிருந்தால் வேண்டாம். நிற்காது, குழந்தை தூங்கி வழியும், மூச்சும் மந்தமாகும். வலிப்பு உடம்பு முழுக்கப் பரவி 5 நிமிடம் தாண்டினால் அடியுங்கள். வழக்கமான அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அதிகபட்சம் 10. எத்தனை அழுத்து என்பது ஒரு அழுத்தில் எவ்வளவு மருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. கடையில் 0.5 மில்லிகிராம் பாட்டிலும் உண்டு, 1.25 மில்லிகிராம் பாட்டிலும் உண்டு. மாற்றிக் கொடுத்தால் அளவு இரண்டரை மடங்கு ஏறும் அல்லது இறங்கும். பாட்டில் மேலேயே எண்ணிக்கையை எழுதி ஒட்டிவையுங்கள்.

இ.பி.சி.யை எப்படியாவது நிறுத்த வேண்டும் என்று நான்கு, ஐந்து மருந்து சேர்ப்பதும் இதே தவறுதான். துடிப்பு அப்படியே இருக்கும், குழந்தை மந்தமாகிவிடும். பிறகு மந்தம் நோயாலா மருந்தாலா என்று பிரிக்க முடியாது.

தடுப்பூசி போடலாமா?

ராஸ்முசன் நோய் தடுப்பூசியால் வருகிறது என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் சிகிச்சை நடக்கும்போது நேரம் பார்த்துப் போட வேண்டும். ஐ.வி.ஐ.ஜி. ஏற்றியிருந்தால் தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் வேலை செய்யாது: கிலோவுக்கு 0.4 கிராமுக்குப் பிறகு 8 மாதம், 2 கிராமுக்குப் பிறகு 11 மாதம் இடைவெளி வேண்டும். அதிக அளவு ஸ்டீராய்டு இரண்டு வாரமோ அதற்கு மேலோ போயிருந்தால் நிறுத்தி ஒரு மாதமாவது ஆக வேண்டும். டாக்ரோலிமஸ் நடக்கும்போது உயிருள்ள தடுப்பூசி கூடாது. மற்ற தடுப்பூசிகளைப் போடலாம். வீட்டில் உள்ளவர்கள் தங்களுடையதை விடாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

அறுவையில் எடுக்கும் திசுவில் வைரஸைத் தேடச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் அறுவைக்குப் பிறகு சொன்னால் பயன் குறைவு. வழக்கமாகத் திசு நேராக ஃபார்மலினுக்குப் போகும். நோயியல் பரிசோதனைக்கு அது போதும். வைரஸ் தேடலுக்குப் போதாது. ஃபார்மலின் மரபுப்பொருளைத் துண்டுதுண்டாக்கிவிடும், அதிலும் ஆர்.என்.ஏ.வைக் கடுமையாகச் சிதைக்கும். ஒரு பகுதியை எடுத்த சில நிமிடங்களில் திரவ நைட்ரஜனில் உறையவைத்து மைனஸ் 80 டிகிரியில் வைத்தால்தான், எந்த வைரஸ் என்று முன்கூட்டியே ஊகிக்காமல் எல்லா மரபுப்பொருளையும் வரிசைப்படுத்தும் புதிய முறைகளுக்கு உதவும். கூடவே அதே நாளில் எடுத்த ரத்தமும் வேண்டும். திசுவில் கிடைப்பது ரத்தத்தில் இருந்து வந்ததா என்று ஒப்பிட அது ஒன்றே வழி.

இதற்கு நெறிமுறைக் குழு அனுமதியும் உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் தேவை. ஆபரேஷன் தியேட்டரில் நைட்ரஜன் கேனோடு ஆள் தயாராக நிற்க வேண்டும். அறுவைத் தேதி குறித்த அன்றே சர்ஜனிடமும் நோயியல் துறையிடமும் பேசிவிடுங்கள். இந்தத் தேடலில் என்ன கிடைத்தாலும் உங்கள் பிள்ளையின் சிகிச்சை அதனால் மாற வாய்ப்பில்லை என்பதையும் அப்போதே கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.